இருபத்திரண்டு லிங்க்

1. ஃபாரத்தில் இல்லாத கேள்வி

திருமயம் தாலுகா ஆபீசுக்கு மாற்றலாகி வந்த முதல் நாள் காலையிலேயே தாசில்தார் என் கையில் ஒரு ஃபைலைக் கொடுத்தார்.

"பாறைப் புறம்போக்கு ஒண்ணைக் குவாரிக்கு ஏலம் விடப் போறோம். நாலு பக்கமும் அளந்து கல்லு நட்டு ஸ்கெட்ச் குடுத்துருங்க. தாமதம் பண்ணாதீங்க" என்றார்.

எனக்குச் சொந்த ஊர் கட்டுமாவடி. அப்போது அது தஞ்சாவூர் ஜில்லா. என் தகப்பனார், நாங்கள் அத்தா என்போம், கடற்கரையில் மீன் ஏலம் எடுத்து வியாபாரம் செய்தவர். அதனால் ஏலம் எனக்குப் புதிதில்லை. ஆனால் மீன் ஏலம் போன மறுநாளும் கடலில் மீன் இருக்கும். ஒரு பாறையை ஏலம் விட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

நான் சர்வே டிபார்ட்மென்டில் சேர்ந்தது 1948-இல். புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்ததும் அதே வருஷம்தான். சில காலம் தஞ்சாவூர் பக்கம் வேலை பார்த்துவிட்டு ஐம்பதுகளின் கடைசியில் திருமயத்துக்கு வந்தேன். அப்போது புதுக்கோட்டை தனி ஜில்லா இல்லை, திருச்சியோடு இருந்தது. ரோடு போட ஜல்லி வேண்டும், பாலம் கட்டக் கல் வேண்டும் என்று எங்கு பார்த்தாலும் பேச்சு. சிறு கனிமங்களுக்கென்று தனி விதிகளும் அந்தச் சமயத்தில்தான் வந்தன. சர்க்கார் பாறையைக் குத்தகைக்கு விட வேண்டும், வருமானம் வர வேண்டும் என்பது அதன் சாரம்.

அந்தப் பாறை இருந்த ஊர் திருமயத்துக்குத் தெற்கே உள்ளது. பின்னால் அந்தப் பாறையில் இறந்துபோன ஒருவரின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருப்பதால் ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை. அளவுச் சங்கிலி பிடிக்கும் செயின்மேனும் நானும் சங்கிலியோடு போய் இறங்கியபோது ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் வந்திருந்தார். பாறையில் கல் வேலை செய்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். தேவைக்கு ஊரார் அங்கே கல் எடுத்துக்கொள்வார்கள், விற்பதற்கு எடுக்கிறவர்கள் மட்டும் சமஸ்தானத்தில் ஒரு சீட்டு வாங்குவார்கள், அதுதான் பழைய வழக்கம் என்று கர்ணம் சொன்னார். இவர்கள் அப்படிச் சீட்டு வாங்கி அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்தி, கீரமங்கலம் சந்தை வரைக்கும் வண்டியேற்றி விற்றவர்கள்.

நான்காவது எல்லைக்கல்லை நடும்போது அவர்களில் ஒருவர் பக்கத்தில் வந்தார். நாற்பது வயதிருக்கும். பெயர் சின்னக்கருப்பன்.

"சர்வேயரய்யா, இந்தக் கல்லைத் தாண்டி உள்ள வந்தா தப்புங்களா?"

"குத்தகைக்காரர் அனுமதி இல்லாம வந்தா தப்புத்தான்."

"சரிங்க. இங்கிட்டு, கல்லுக்கு வெளிய எடுத்தா?"

"வெளிய இருக்கிறது சர்க்கார் பாறை. அங்க எடுத்தாலும் தப்புத்தான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். கோபப்படவில்லை.

"அப்ப நாங்க எங்கிட்டுங்க போறது?"

"நான் அளக்கிறவன்தாங்க" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியைச் சுருட்டச் சொன்னேன்.

என் ஃபாரத்தில் நீளம், அகலம், பரப்பு, நான்கு பக்கத்து சர்வே நம்பர் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. அவர் கேட்டதற்கு இடம் இல்லை. அதனால் அதை நான் எழுதவில்லை.

2. ஜல்லியும் கூலியும்

குத்தகை வெளியூர்க் காண்ட்ராக்டர் ஒருவருக்குப் போயிற்று. அவர் எப்போதாவதுதான் வருவார். வேலையெல்லாம் அவருடைய மேஸ்திரி கையில். ஒரு மாதத்தில் லாரி போகப் பாதை விழுந்தது. ஊரே குவாரி வேலைக்குப் போனது.

அந்தக் குத்தகையால் கெடுதல் மட்டும்தான் வந்தது என்று சொன்னால் அது பொய். அந்த வருஷங்களில் மழை சரியில்லை. கண்மாய் பெருகவில்லை. குவாரி இல்லாவிட்டால் பாதி ஊர் தஞ்சாவூர்ப் பக்கம் அறுப்புக்குப் போயிருக்கும். பெண்களுக்குத் தனியாகக் கூலி கிடைத்தது. நல்ல ரோடு வந்து, அதில் பஸ்ஸும் வந்தது. அந்த பஸ்ஸில் நானும் போயிருக்கிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. முன்பு கல் பார்த்து, அம்மி கொத்தி, விலை சொல்லி விற்றவர்கள் இப்போது மேஸ்திரி காட்டிய இடத்தில் வெடிமருந்து வைக்கக் குழி அடித்தார்கள். உடைத்த ஜல்லியைப் பெட்டியால் அளந்து கூலி போட்டார்கள். பெட்டியின் அளவு யார் வைத்தது என்று யாரும் கேட்க முடியாது. கேட்டால் மறுநாள் வேலை இல்லை. வெடி வைக்கும்போது ஊதுவதற்கு ஒரு விசில் இருந்தது. வேறு பாதுகாப்பு எதையும் நான் பார்க்கவில்லை.

நான் பார்த்தது என்று சொல்கிறேனே, அதுவும் ரோட்டில் போகும்போது சைக்கிளில் இருந்தபடி பார்த்ததுதான். குத்தகை நடக்கும் குவாரியின் எல்லைக்கற்களை வருஷம் ஒருமுறை போய்ச் சரிபார்க்க வேண்டும் என்று எங்கள் ஆபீசில் ஒரு சுற்றறிக்கை இருந்தது. நான் போகவில்லை. பட்டா மாற்றம், ஜமாபந்தி, பாகப்பிரிவினை மனு என்று வேலை குவிந்து கிடந்தது. யாரும் கேட்கவும் இல்லை.

3. வெடிக்காத குழி

குத்தகை போன மூன்றாம் வருஷம் ஒரு காலையில் ஆபீசுக்குத் தகவல் வந்தது. குவாரியில் மருந்து வெடித்து ஒருவர் இறந்துவிட்டார். சின்னக்கருப்பன்.

முதல் நாள் மருந்து வைத்த குழிகளில் ஒன்று வெடிக்காமல் இருந்திருக்கிறது. மறுநாள் காலையில் அதைத் தோண்டும்போது வெடித்துவிட்டது. அவரைத் தோண்டச் சொன்னது மேஸ்திரிதான் என்று அங்கே ஜல்லி உடைத்த பெண்களுக்கெல்லாம் தெரியும். போலீஸ் கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த ஊரில் அடுப்பு எரிந்தது அந்த ஒரு கூலியில்தான்.

காண்ட்ராக்டர் தரப்பில் எழுதிக் கொடுத்தது இது: சின்னக்கருப்பன் அன்று வேலைக்கு வரவில்லை. குத்தகை எல்லைக்கு வெளியே, சர்க்கார் பாறையில், திருட்டுத்தனமாகக் கல் எடுக்க மருந்து வைத்திருக்கிறார். மருந்தும் குவாரியிலிருந்து களவு போனது. அத்துமீறி நுழைந்தவர் சாவுக்கு நாங்கள் பொறுப்பில்லை.

சம்பவம் நடந்த இடம் குத்தகைக்கு உள்ளேயா வெளியேயா என்று அளந்து அறிக்கை தரச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது.

போனேன். பாறை நான் பார்த்த பாறையாக இல்லை. நடுவில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு ஆழம் போயிருந்தது. வடக்கே நட்ட இரண்டு கற்கள் இருந்தன. கிழக்கே ஒன்று சாய்ந்து கிடந்தது. தெற்குக் கல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று. கல் நின்ற பாறையே லாரியில் போய்விட்டது.

இருந்த கற்களிலிருந்து, எஃப்.எம்.பி. என்ற நில அளவுப் பதிவேட்டில் உள்ள அளவை வைத்துக்கொண்டு கோடு பிடித்தோம். செயின்மேன் இரண்டு தடவை இழுத்தார். மூன்றாவது தடவை நானே குனிந்து எண்ணினேன். சின்னக்கருப்பன் விழுந்த இடம் குத்தகை எல்லைக்கு வெளியே இருபத்திரண்டு லிங்க், அதாவது சங்கிலியில் இருபத்திரண்டு கண்ணி. அடிக்கணக்கில் பதினாலரை அடி.

உள்ளே இருந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. சங்கிலி வெளியே என்றது.

ஆனால் அந்த இடத்தில் நின்று சுற்றிப் பார்த்தபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. குவாரியின் வெட்டுமுகம் உள்ளேயிருந்து ஒரே சீராக எல்லையைத் தாண்டி வந்திருந்தது. லாரித் தடம் அந்த இடம் வரைக்கும் இருந்தது. எல்லைக்கு வெளியே மட்டும் பழைய வெடிக்குழித் தடங்களை எண்ணினேன். நாற்பத்தொன்று. ஒரு தனி ஆள் திருட்டுத்தனமாக நாற்பத்தொரு குழி அடிக்க முடியாது. எல்லையை மீறியது காண்ட்ராக்டர். அவர் கூலிக்காரர்களை அங்கே நிறுத்தி மாதக்கணக்கில் வேலை வாங்கியிருக்கிறார். எல்லாவற்றையும் அளக்கும் இடத்திலேயே குறிப்பெடுக்கும் ஃபீல்டு புக்கில் பென்சிலால் வரைந்துகொண்டேன்.

4. இரண்டு பாரா

அறிக்கையை இரண்டு பாராவாக எழுதினேன். முதல் பாராவில் இடம் எல்லைக்கு வெளியே இருபத்திரண்டு லிங்க் என்று எழுதினேன். இரண்டாவது பாராவில் வெட்டுமுகம், லாரித் தடம், நாற்பத்தொரு குழி, காண்ட்ராக்டர் எல்லை மீறி வேலை நடத்தியிருப்பது தெரிகிறது என்பதை எழுதினேன். ஒழுங்காக எழுதியிருக்கிறோம் என்ற திருப்தி எனக்கு இருந்தது.

ஹெட் கிளார்க் படித்துவிட்டு, "கேட்டது உள்ளேயா வெளியேயான்னு. அதுக்கு முதப் பாரா போதுமே" என்றார்.

"ரெண்டும் சேர்ந்தாத்தான் சார் விஷயம் விளங்கும்."

"சரி, இருக்கட்டும்" என்று வாங்கி வைத்தார்.

பிறகு நடந்தது எனக்குச் சில வாரம் கழித்துத்தான் தெரிந்தது. முதல் பாராவை மட்டும் நகல் எடுத்துப் போலீசுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது பாரா சர்க்கார் பாறையில் அத்துமீறிக் கல் எடுத்த விஷயம், அது வேறு சப்ஜெக்ட் என்று தனி ஃபைல் போட்டார்கள். அந்த ஃபைல் அலமாரிக்குள் போனது. இதில் யாரும் பொய் எழுதவில்லை. ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்றவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பக்கத்து ஊரில் ஒரு பாகப்பிரிவினைக்காக அளந்துகொண்டிருந்தேன். ஒரு பெண் வரப்பு வழியாக நடந்து வந்தார். சின்னக்கருப்பனின் மனைவி வெள்ளையம்மா. கைவிரல்களில் ஜல்லி உடைத்த காயத்துக்குத் துணி சுற்றியிருந்தது.

"ஒங்களைத்தான் தேடி வாரேங்க" என்றார். "எங்க வீட்டுக்காரரு கல்லுத் திருடப் போனாருன்னு காயிதத்துல எழுதியிருக்காம். ஒங்க சங்கிலி அளந்து சொன்னதுன்னு மேஸ்திரி சொல்றாரு. நெசங்களா?"

"நான் அப்படி எழுதலம்மா."

"என்ன எழுதினீங்க?"

சொன்னேன். இரண்டு பாராவையும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"ரெண்டாவதா எழுதினது எங்க இருக்கு?"

"ஆபீசில."

"ஆபீசில இருந்து எனக்கு என்னங்க? எம் மகளுக்குப் பேசி வச்ச எடத்துல, திருட்டுக் கல்லு எடுத்துச் செத்தவன் வீட்டுல பொண்ணு வேணாம்னு சொல்லிட்டாக. அன்னைக்கு விடியங்காலம் மேஸ்திரி எங்க வீட்டு வாசல்ல வந்து கூப்பிட்டதும் சோத்தைத் தின்னும் தின்னாமலும் எந்திரிச்சுப் போனாரு. அவரா திருடன்?"

கையில் பிடித்திருந்த சங்கிலி முனையைச் செயின்மேனிடம் கொடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன். அவரும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

ஊரில் படித்தவர் ஒருவர் எழுதிக் கொடுத்து, திருச்சியில் தொழிலாளர் நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரிக்கு மனுப் போட்டிருப்பதாகச் சொன்னார். "நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

நான் குடும்பஸ்தன். சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவன். நானாகப் போய்ச் சாட்சி சொன்னால் அதே நிமிஷம் விலைக்கு வாங்கப்பட்ட சாட்சி ஆகிவிடுவேன். இதையெல்லாம் அவருக்கு விளக்கினேன். அவர் முகம் இறுகியது. நான் கழன்றுகொள்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"வரமாட்டேன்னு சொல்லலம்மா. எனக்குச் சம்மன் அனுப்பச் சொல்லிக் கேளுங்க. சர்வேயரை ஃபீல்டு புக்கோட வரச் சொல்லணும்னு எழுதச் சொல்லுங்க. ஃபீல்டு புக்கு. அந்த வார்த்தையை மறந்துறாதீங்க."

"பீல்டு புக்கு" என்று அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

5. சம்மன்

சம்மன் வந்தது. தாசில்தார் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ரிடையர் ஆக ஒரு வருஷம் இருந்தவர்.

"போகத்தான் வேணும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வாங்க. குவாரி வருமானம் கொறைஞ்சா மேல இருந்து என்னைத்தான் கேப்பாங்க" என்றார்.

திருச்சிக்குப் போன பஸ்ஸில் வெள்ளையம்மாவும் இருந்தார். என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் பேசவில்லை. சேர்ந்து வந்தோம் என்ற பேச்சு வரக்கூடாது என்று அவராகவே புரிந்துவைத்திருந்தார்.

விசாரணை அறையில் அதிகாரி, வெள்ளையம்மா, காண்ட்ராக்டரின் வக்கீல், மேஸ்திரி, இன்னும் இரண்டு மூன்று பேர். என்னை நிற்க வைத்து வக்கீல் கேட்டார்.

"சம்பவம் நடந்த எடம் குத்தகை எல்லைக்கு உள்ளயா, வெளியயா?"

"வெளிய."

"எவ்வளவு?"

"இருபத்திரண்டு லிங்க்."

"சந்தேகம் இல்லையே?"

"இல்லை. மூணு தடவை அளந்தேன்."

"அவ்வளவுதாங்க" என்று வக்கீல் அதிகாரியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். வெள்ளையம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க போகலாம்" என்றார் அதிகாரி.

நான் நகரவில்லை.

"ஐயா, ஃபீல்டு புக்கோட வரச் சொல்லிச் சம்மன்ல இருக்கு. நான் அளந்ததுல பாதியைத்தான் இப்பச் சொன்னேன். மீதி புக்குல இருக்கு."

வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். அதிகாரி கையை நீட்டி ஃபீல்டு புக்கை வாங்கினார். என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார். பென்சில் ஸ்கெட்சைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னேன். இது எல்லைக்கோடு. இது வெட்டுமுகம். இது லாரித் தடம். இந்தப் புள்ளிகள் எல்லைக்கு வெளியே அடித்த குழிகள். அவரே விரல் வைத்து எண்ணினார்.

வக்கீல் வேறு வழியாக வந்தார். "தெக்க இருந்த எல்லைக்கல்லு எப்பப் போச்சு? எங்க ஆளுங்கதான் எடுத்தாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஏன் தெரியாது? எல்லையைப் பாத்துக்கறது ஒங்க வேலைதானே?"

ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆள் போதவில்லை, வேலை அதிகம் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட.

"என் வேலைதான். வருஷம் ஒரு தடவை நான் போய்ப் பார்த்திருக்கணும். போகல. போயிருந்தா அந்தக் கல்லு இல்லாதது அப்பவே தெரிஞ்சிருக்கும், வேலையை நிறுத்தியிருப்போம்" என்றேன்.

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். பிறகு மேஸ்திரியைப் பார்த்தார்.

"இந்த நாப்பத்தொரு குழியை அடிச்சது யாரு?"

"வேலையாளுங்கதாங்க" என்றார் மேஸ்திரி, பழக்கத்தில்.

"யாரோட வேலையாளுங்க?"

மேஸ்திரி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மேஜையில் இருந்த காகிதங்களைப் பார்த்தார்.

6. உத்தரவு

சில வாரங்களில் உத்தரவு வந்தது. சின்னக்கருப்பன் வேலையில் இருக்கும்போது, வேலையின் காரணமாக இறந்தார் என்று அதில் இருந்தது. நஷ்டஈடு தரச் சொல்லியிருந்தார்கள்.

எனக்கும் ஒரு காகிதம் வந்தது. எல்லையைச் சரிபார்க்காமல் விட்டதை நானே ஒப்புக்கொண்டதால் விளக்கம் கேட்ட மெமோ. மறைக்க எதுவும் இல்லை, ஒப்புக்கொண்டு எழுதினேன். ஒரு இன்கிரிமென்டை நிறுத்தினார்கள். அதில் அநியாயம் இருப்பதாக அன்றும் எனக்குத் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. என் தப்புக்கு அது சிறிய தண்டனைதான்.

வெள்ளையம்மா உத்தரவு நகலை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு வந்தார். வராந்தாவில் நின்றபடி, "படிச்சுக் காட்டுங்க" என்றார். படித்தேன். பணத்தைப் பற்றிய பகுதியில் அவர் கவனம் இல்லை.

"திருட்டுங்கற வார்த்தை இருக்குங்களா?"

"இல்லம்மா."

"அத்துமீறிங்கறது?"

"அதுவும் இல்ல."

"இன்னொரு தடவை பாருங்க."

முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தேன். முடித்ததும் காகிதத்தை வாங்கி நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். "நாளைக்கு வேலைக்குப் போகணும், வாரேங்க" என்று கிளம்பினார்.

எந்த வேலைக்கு என்று நான் கேட்கவில்லை. அந்த ஊரில் இருந்தது ஒரே வேலை. பிறகு ஒருநாள் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். அதே குவாரியில், வேறொரு குத்தகைக்காரரிடம், ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார். மகளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது என்று கர்ணம் சொல்லிக் கேள்விப்பட்டேன்.

சர்வே வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாறையைக் குத்தகைக்கு விடலாமா கூடாதா என்று தீர்மானிப்பது நம்மைவிடப் பெரியவர்கள். ஆனால் அந்தத் தீர்மானம் பாறையில் வந்து இறங்குவது நம் சங்கிலி வழியாகத்தான். அளவு மட்டும் சரியாக இருந்தால் போதும் என்று நான் நம்பியிருந்தேன். என் அளவில் ஒரு லிங்க்கூடத் தப்பில்லை. அந்தத் தப்பில்லாத அளவை வைத்தே ஒரு மனிதரைத் திருடராக்க முடிந்தது.

அதற்குப் பிறகு ரிடையர் ஆகும்வரை நான் எழுதிய அறிக்கைகளில், அளவும் அந்த அளவுக்குக் காரணமும் ஒரே வாக்கியத்தில் இருக்கும். வாக்கியம் நீளமாக இருக்கிறது, பிரித்து எழுதுங்கள் என்று எத்தனையோ அதிகாரிகள் சிவப்பு மையில் குறித்தார்கள். நான் பிரிக்கவில்லை. இரண்டு பாராவை ஒரு பாராவாக எழுதக் கற்றுக்கொள்ள எனக்குப் பதிமூன்று வருஷ சர்வீஸும் ஒரு மனிதரின் உயிரும் ஆகியிருந்தன.